கழுத்துப் பட்டையில் தைத்த துணிச்சீட்டு

குழந்தைகளின் ஆடை, பை, பொம்மைகளை வடிவமைக்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். இது என் மூன்றாவது மடல். முதல் இரண்டுக்கும் “வாடிக்கையாளர் விருப்பப்படியே நிறங்கள் தீர்மானிக்கப்படுகின்றன” என்ற ஒரே பதில், ஒரு காற்புள்ளிகூட மாறாமல் வந்தது. ஆகவே இம்முறை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

என் மகளுக்கு வாங்கிய இளஞ்சிவப்பு மழைச்சட்டை, ஒரு தையல்கூட விடாத நல்ல சட்டை, இந்த ஆண்டு அவள் தம்பிக்கு வந்தது. ஒரு வாரம் ஆசையாகத்தான் போட்டுக்கொண்டான். அப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்தான். கழுத்துப் பட்டையின் உட்புறம் நீங்கள் தைத்திருக்கும் துணிச்சீட்டில் ‘சிறுமியருக்கு’ என்று இருந்ததைப் படித்துவிட்டான். மறுநாள் தொப்பலாக நனைந்து வந்தான். மழைச்சட்டை பைக்குள் மடித்தது மடித்தபடி இருந்தது. கத்தரிக்கோலை எடுத்துச் சீட்டை வெட்டினேன். தையல் இருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “இங்கேதான் எழுதியிருந்தது” என்றான்.

அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள். அளவும் வயதும் போதும்.

உங்கள் தொழிலின் வரலாறு உங்களுக்குத் தெரியாததல்ல. 1918 ஜூனில், குழந்தை உடை வணிகர்களுக்கான அமெரிக்க இதழ் ஒன்று, இளஞ்சிவப்பு உறுதியான நிறம், அது பையன்களுக்கே பொருந்தும், மென்மையான நீலம் பெண் குழந்தைகளுக்கு என்று எழுதியது. அதற்கும் முன்பு, 18ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு அரசவையில் ஆண்களும் இளஞ்சிவப்புப் பட்டு மேலங்கியில் உலாவினார்கள். தமிழில் அதன் பெயரைக் கேட்டாலே போதும்: இளஞ்சிவப்பு, சிவப்பின் இளையது. அதில் பெண் எங்கே வந்தாள்? இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு விளம்பரங்களோடு வந்தாள். பிறக்கும் முன்பே ஆணா பெண்ணா என்று ஸ்கேன் சொல்லத் தொடங்கியதும், 1980களில், பிரிவினை இன்னும் இறுகியது. அக்காள் பொருள் தம்பிக்கு ஆகாது என்றால் இரண்டு விற்கலாம். கணக்கு எனக்கும் புரிகிறது.

1979இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கடற்படைச் சிறை அறை ஒன்றுக்கு இளஞ்சிவப்பு அடித்து, கைதிகளின் ஆவேசம் அடங்குகிறதா என்று பார்த்தார்கள். பின்னால் வந்த சோதனைகளில் அந்தப் பலன் நிலைக்கவில்லை. சிறுமியர் பகுதியில் தரை முதல் கூரை வரை அதே நிறத்தை அடுக்கியிருக்கிறீர்களே, அங்கே யாருடைய ஆவேசத்தை அடக்கப் பார்க்கிறீர்கள்? என்னுடையது அடங்கவில்லை.

மன்னிக்கவும், கேட்க வந்தது அதுவல்ல. இளஞ்சிவப்பை நிறுத்தச் சொல்லவில்லை, தாராளமாகச் செய்யுங்கள். யாருக்கு என்று மட்டும் எழுதாதீர்கள். அடுத்த மழைக்காலத்துக்குள் இதைச் செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். வெட்டிய சீட்டைத் தனி உறையில் உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளின் தாய்