போட்டி நெருங்கும்போது பயிற்சி குறைய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கராத்தே போட்டிக்குத் தயாராகும் வீரர்களைப் பற்றி நாளிதழ்களில் எழுதப்படும்போது, நாள்தோறும் அவர்கள் எத்தனை மணி நேரம் பயிற்சி செய்கிறார்கள் என்பதே பெரும்பாலும் பெருமைக்குரிய செய்தியாக முன்வைக்கப்படுகிறது. இருவர் நேருக்கு நேர் மோதும் குமித்தே பிரிவில் போட்டியிட்டு வருபவன் என்ற முறையில், போட்டி நெருங்க நெருங்கப் பயிற்சியின் அளவு குறைய வேண்டும் என்பதை வாசகர்களின், குறிப்பாகப் பெற்றோரின், கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

உலகக் கராத்தே கூட்டமைப்பின் விதிகளில் பெரியவர் பிரிவுச் சண்டைக்கு உரிய நேரம் 3 நிமிடம்தான். எதிராளியைவிட 8 புள்ளிகள் முன்னேறினால் அதற்குள்ளாகவே ஆட்டம் முடிந்துவிடும். 8 மீட்டர் சதுரக் களத்தில் இருவரும் இடைவெளியை அளந்தபடி நகர்ந்துகொண்டிருப்பார்கள். திடீரென ஒரு பாய்ச்சல், உடனே நடுவரின் 'யாமே' (நிறுத்து) என்ற கட்டளை, மீண்டும் தொடக்க நிலை. இத்தகைய ஆட்டத்துக்கு நெடுந்தூர ஓட்டம் ஓரளவுக்கே பயன்படும். ஆகவே என் தயாரிப்பின் முதற்கட்டத்தில் தண்டால், குந்தி எழுதல், கயிறு தாண்டுதல் ஆகியவற்றால் உடலை வலுப்படுத்திவிட்டு, அடுத்த கட்டத்தில் சில நொடிகள் முழு வேகம், பிறகு சற்று நேரம் மூச்சு வாங்குதல் என்று மாறி மாறி வரும் சுற்றுகளுக்கு மாறிவிடுகிறேன்.

பயிற்சியில் பெரும்பகுதியை நான் ஒதுக்குவது கியாகு சுகி என்னும் எதிர்க்கைக் குத்துக்குத்தான். பார்ப்பவர்களுக்குக் கை நீள்வது மட்டுமே தெரியும். ஆனால் பின்காலின் பாதம் தரையை உந்த, அந்த விசை இடுப்பைத் திருப்ப, இடுப்பு தோளை இழுத்துவர, கடைசியில்தான் கை புறப்படுகிறது. இந்த வரிசை குலைந்தால் வேகமும் போய்விடும், எட்டும் தூரமும் குறைந்துவிடும். அதனால் ஒவ்வொரு நாளும் முதலில் கண்ணாடிக்கு முன் நின்று மெதுவாகவும், பிறகு பயிற்சித் துணைவர் பிடித்திருக்கும் திண்டின்மீது முழு வேகத்திலும் இதைச் செய்கிறேன். குத்திய கை உடனே திரும்பி வருவதையும், பார்வை எதிராளியை விட்டு விலகாமல் இருப்பதையும் நடுவர்கள் கவனிப்பார்கள் என்பதால், திரும்பும் பாதையையும் சேர்த்தே பழக வேண்டியிருக்கிறது. குமித்தே ஆடுபவர்கள் பலர், எதிராளி இல்லாமல் தனியாகச் செய்யும் வரிசையான அசைவுகளாகிய கட்டாவை ஒதுக்கிவிடுகிறார்கள், நான் ஒதுக்குவதில்லை. பஸ்ஸாய் டாய் போன்ற ஒரு கட்டாவை நிதானமாகச் செய்தால் இடுப்பின் பிசகு அப்போதே தெரிந்துவிடுகிறது.

போட்டிக்கு முந்தைய இரண்டு வாரங்களில் சுற்றுகளின் எண்ணிக்கையைப் படிப்படியாகக் குறைத்துவிடுகிறேன். வேகத்தை மட்டும் குறைப்பதில்லை. அதுவரை கடும் உழைப்பில் தேங்கிய களைப்பு வடிந்தால்தான், உடல் ஈட்டிய திறன் வெளிப்படும். கடைசி வாரத்தில் கடுமையான சண்டைப் பயிற்சியை முற்றிலும் நிறுத்திவிடுவதால் காயம் ஏற்படும் வாய்ப்பும் குறைகிறது. தூக்கத்தையும் பயிற்சியின் ஒரு பகுதியாகவே கருதுகிறேன்.

களைத்த உடல் முதலில் இழப்பது கட்டுப்பாட்டையே. கராத்தேயில் தலைக்கு விடும் உதைக்கு அதிகபட்சமாக 3 புள்ளிகள் கிடைக்கும். அதே உதை அளவு மீறிப் பட்டால் தண்டனை. டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஆகஸ்ட் 7 அன்று நடந்த 75 கிலோவுக்கு மேற்பட்டோருக்கான ஆடவர் இறுதிச் சண்டையில், சவுதி அரேபியாவின் தாரேக் ஹமேதி 4-1 என்று முன்னணியில் இருந்தார். அவருடைய உதையில் ஈரானின் சஜாத் கஞ்ச்சாதே நினைவிழந்து விழ, ஹமேதி தகுதி நீக்கம் செய்யப்பட்டார். தங்கம் கஞ்ச்சாதேவுக்குச் சென்றது. உச்சநிலை வீரருக்கே இவ்வளவு நுண்ணிய எல்லை என்றால், வளரும் வீரர்கள் உதையை உரிய இடத்தில் நிறுத்தும் பழக்கத்தைக் களைப்பற்ற உடலோடுதான் கற்க வேண்டும்.

எடைக் குறைப்பைப் பற்றி எனக்கு மிகுந்த கவலை உண்டு. ஆடவருக்கு 60, 67, 75, 84 கிலோ என எல்லைகள் வகுக்கப்பட்டிருப்பதால், கீழ்ப்பிரிவில் நுழைவதற்காகக் கடைசி நாட்களில் தண்ணீரையும் உணவையும் நிறுத்துவோர் இருக்கிறார்கள். நீரிழந்த உடலோடு களமிறங்குபவருக்குத் தலைசுற்றலும் தசைப்பிடிப்பும் வரலாம், எதிர்வினையும் மந்தமாகும். வளரும் பருவத்துப் பிள்ளைகளிடம் இதைத் திணிப்பதை எந்தப் பதக்கமும் நியாயப்படுத்தாது. இயல்பான எடைக்கு உரிய பிரிவிலேயே அவர்களை ஆடவிடுமாறு பயிற்சியாளர்களையும் பெற்றோரையும் கேட்டுக்கொள்கிறேன்.

இளம் வீரர்களைப் பேட்டி காணும் தங்கள் செய்தியாளர்கள், பயிற்சி நேரத்தோடு அவர்களுடைய ஓய்வையும் உணவையும் எடைக் கட்டுப்பாட்டையும் பற்றிக் கேட்டு எழுதினால், வாசிக்கும் பல குடும்பங்களுக்கு அது உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
கராத்தே பயிலும் வாசகர் ஒருவர்