மீதி 10 டாலர்

சிகாகோ
4.12.2024

அன்பிற்குரிய உறவுகளுக்கும் நண்பர்களுக்கும்,

வணக்கம். நேற்று மாலை தம்பி வாக்கரைப் பிடித்துக்கொண்டு வார்டின் கோடிவரை நடந்து திரும்பினான். இத்தனை நாளும் நேரம் காலம் பாராமல் விசாரித்துக்கொண்டே இருந்த உங்களுக்கு இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். நடந்தது என்னவென்று நீங்கள் அனைவரும் அறிவீர்கள். அதை மறுபடியும் எழுதும் தெம்பு எனக்கு இன்னும் வரவில்லை.

நானும் அம்மாவும் இங்கே வரப் பயணச்சீட்டுக்கு யோசிக்காமல் பணம் தந்த எங்கள் கம்பெனி முதலாளிக்கும், திருப்பூரில் வீட்டையும் அப்பாவையும் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டாருக்கும், மருத்துவமனைத் தாள்களை வரிவரியாகப் படித்து விளக்கிய தமிழ்ச் சங்கத்து அண்ணன்மாருக்கும், லெமான்ட் கோயிலில் அர்ச்சனை செய்து திருநீறு கொண்டுவந்து தந்த நேப்பர்வில் குடும்பத்தாருக்கும், முறை வைத்துச் சோறு வடித்துக்கொண்டுவந்த தம்பியின் கல்லூரித் தோழர்களுக்கும், பெயர் தெரியாத செவிலியர் ஒவ்வொருவருக்கும் நாங்கள் பட்டிருக்கும் கடன் இந்தப் பிறவியில் தீராது. உங்களை ஒரே வரியில் அடக்கிவிட்டேன் என்று வருந்த மாட்டீர்கள் என்ற உரிமையில், நீங்கள் யாரும் அறியாத ஒருவரைப் பற்றி இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

தேங்க்ஸ்கிவிங் எனப்படும் நன்றி கூறும் நாள் இங்கே நவம்பர் மாதத்தின் நான்காம் வியாழனன்று வருகிறது. இந்த ஆண்டு 28ஆம் தேதி. உள்நாட்டுப் போரின் நடுவே 1863இல் லிங்கன் நாடு முழுமைக்கும் அறிவித்த நாள் என்றும், நான்காம் வியாழன் என்று சட்டமானது 1941இல்தான் என்றும் பக்கத்து அறை நோயாளியைப் பார்க்க வந்திருந்த பெரியவர் ஒருவர் முந்தின நாள் அன்போடு எடுத்துச் சொன்னார். அம்மாவுக்கு நாளைக்கு எதைக் கொடுப்பது என்ற கவலையில் நான் அதை அரைகுறையாகத்தான் கேட்டேன். தோழர்கள் மாதக்கணக்குக்கு முன்பே பயணச்சீட்டு எடுத்திருந்த ஊர்களுக்கு நான்தான் வற்புறுத்தி அனுப்பிவைத்தேன். எங்கள் வாடகை அறையில் அடுப்பு கிடையாது. மருத்துவமனை உணவகம் அன்று மதியத்தோடு மூடிவிட்டது. திறந்திருந்த ஓர் உணவகத்தில் பண்டிகை விருந்து மட்டும்தான், ஒருவருக்கு 65 டாலர் என்றார்கள். வரியும் டிப்ஸும் சேர்த்தால் இருவருக்கு நம் கணக்கில் 11,000 ரூபாய்க்கு மேல் ஆகும். இந்திய மளிகைக் கடைகள் உள்ள டெவன் அவென்யூ நகரின் வடகோடியில் இருக்கிறது. அந்தக் குளிரில் அம்மாவை வண்டி மாற்றி வண்டி அழைத்துச் செல்ல எனக்குத் துணிவில்லை. இதற்கு மேல், தம்பி எழுந்து நடக்கும்வரை கவுச்சி தொடுவதில்லை என்று பழனியாண்டவருக்கு அம்மா நேர்ந்துகொண்டிருந்தார். வாழைப்பழமும் ரொட்டியுமாகவே காலை கழிந்திருந்தது.

மாலையில் தரை துடைக்க வந்த ஊழியர் ஒருவர், இரண்டு தெரு தள்ளி ஒரு தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் விருந்து நடக்கிறது, யாரும் போகலாம் என்றார். போனோம். வாசலில் ஓர் அட்டை இருந்தது: தட்டுக்கு 5 டாலர், இயலாதவர் கொடுக்க வேண்டாம். கூடம் நிறைய மக்கள் இருந்தார்கள். எல்லோரும் கறுப்பின மக்கள். பரிமாறும் மேசைக்குப் பின்னால் எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையார் நின்றிருந்தார். அம்மா இறைச்சி உண்பதில்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன், காரணத்தையும் சொன்னேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

“அப்படியானால் இந்தக் கீரையை உன் அம்மாவுக்குப் போடக் கூடாது. புகையூட்டிய வான்கோழிக் கழுத்தைப் போட்டுத்தான் வேகவைத்திருக்கிறோம்” என்றார். சோள ரொட்டியை உதிர்த்துச் செய்த பண்டத்தைக் காட்டி, அதிலும் வான்கோழிச் சாறு ஊற்றியிருக்கிறது என்றார். சர்க்கரைவள்ளிக்கிழங்கின்மேல் வெள்ளையாக உருகியிருந்த மார்ஷ்மெல்லோ என்னும் பஞ்சு போன்ற மிட்டாயில் சேரும் ஜெலட்டின்கூட மிருகத்தின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பது என்று அவர் சொல்லித்தான் எனக்கே தெரியும். அவர் பேசாமல் பரிமாறியிருந்தால் நாங்கள் நன்றியோடு உண்டிருப்போம், அம்மாவின் விரதம் அம்மாவுக்கே தெரியாமல் முறிந்திருக்கும். வரிசையை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனவர், வாணலியைக் கழுவி, முட்டைக்கோஸும் வெங்காயமும் பச்சை பீன்ஸும் அரிந்து, எண்ணெயில் மிளகுத்தூள் தூவி வதக்கிச் சுடச்சுடக் கொண்டுவந்தார். ஒரு வாய் எடுத்த அம்மா, “நம்மூட்டுப் பொரியலாட்டவே இருக்குது கண்ணு” என்றார். ஒன்பது நாளில் அன்றுதான் தட்டில் மிச்சம் வைக்காமல் உண்டார்.

நான் நெஞ்சில் வைத்திருப்பது அதன் பிறகு நடந்ததை. அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து 20 டாலர் நோட்டை எடுத்து நீட்டினார். அருகில் நின்ற இளைஞர் ஒருவர் வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள் என்று நல்ல மனத்துடன்தான் சொன்னார். அம்மாவின் முகம் சுருங்கியது. அந்த அம்மையார் அதைக் கவனித்துவிட்டார். நோட்டை வாங்கினார், “இரண்டு தட்டு” என்றார், பெட்டியைத் திறந்து 10 டாலரை எடுத்து அம்மாவின் உள்ளங்கையில் வைத்தார். பல நாளாகப் பிறர் தயவில் வாழ்ந்துகொண்டிருந்த என் தாய், அந்த ஒரு கணத்தில் காசு கொடுத்துச் சோறு வாங்கியவராக நிமிர்ந்து நின்றார். இலவசமாகத் தந்திருந்தால் உண்ட உணவு எங்களுக்குச் செரித்திருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

கிளம்பும்போது அவர் தம்மைப் பற்றிச் சிறிது சொன்னார். மிசிசிப்பியிலிருந்து அவருடைய தாய் கைக்குழந்தையோடு ரயிலேறிச் சிகாகோ வந்தவராம்; அந்தக் கீரையும் சோள ரொட்டியும் அப்படித் தெற்கிலிருந்து வந்தவையாம். கடந்த நூற்றாண்டில் 1970 வரை தென் மாநிலங்களிலிருந்து சுமார் 60 லட்சம் கறுப்பின மக்கள் இவ்வாறு வேலையும் மரியாதையும் தேடி இடம்பெயர்ந்தார்கள் என்று தம்பி பிறகு விளக்கினான்.

அன்றிரவு எனக்கு எங்கள் தெருக்கோடி லைன் வீடுகள்தாம் நினைவுக்கு வந்தன. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து பனியன் கம்பெனிகளில் உழைக்கும் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். பொங்கலுக்குக் கம்பெனி மூடும், மெஸ் மூடும், பேக்கரியும் பாதி நாள்தான் திறக்கும். நாங்கள் வாசலில் கோலமிட்டுப் பொங்கல் வைக்கும்போது அவர்கள் படியில் அமர்ந்து பன்னைத் தேநீரில் நனைத்துத் தின்பதை ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். சாப்பிட்டீர்களா என்று ஒரு முறைகூடக் கேட்டதில்லை. கேட்கத் தோன்றவில்லை என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன்.

தைக்குள் ஊர் திரும்பிவிடலாம் என்று மருத்துவர் நம்பிக்கை தந்திருக்கிறார். அந்த 10 டாலர் பழனி உண்டியலுக்கென்று அம்மாவின் முந்தானையில் இன்னும் முடிந்தபடியே இருக்கிறது. பொங்கலன்று அம்மாவும் நானும் அந்தப் பிள்ளைகளுக்குச் சமைக்கப் போகிறோம். அவர்கள் எதை உண்பார்கள், எதைத் தொடமாட்டார்கள் என்று இரண்டு நாள் முன்னதாகவே போய்க் கேட்டுவருவோம். யாரேனும் பணம் நீட்டினால் வாங்கிக்கொண்டு மீதியைத் தருவோம்.

நன்றியுடன்,
உங்கள் சகோதரி