அந்த வடக்கு ஜன்னலைத் திறந்துவிடுங்கள்

ஓவியர் இல்ல அருங்காட்சியக நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். மாடி ஓவியக்கூடத்தின் வடக்கு ஜன்னலை மறைத்துத் தொங்கும் கறுப்புத் திரை விஷயம் உங்களுக்குத் தெரியாததல்ல. பார்வையாளர் குறிப்பேட்டைப் புரட்டினேன். எனக்கு முன்பே நான்கைந்து பேர் எழுதியிருக்கிறார்கள். எதற்கும் பதில் இல்லை. அதனால்தான் இந்தத் திறந்த மடல்.

போன வாரம் அப்பாவை அழைத்து வந்திருந்தேன். அவருக்கு முழங்கால் வலி. மாடியிலிருக்கும் ஓவியக்கூடத்துக்குப் படிக்குப் படி நின்றுதான் ஏறினார். புத்தகங்களில் அச்சுப் படமாகவே பார்த்துப் பழகிய அந்த ஆற்று வளைவை, ஓவியர் நின்ற இடத்தில் நின்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஏறிப் போனால், வடக்கு ஜன்னல் முழுவதையும் கறுப்புத் திரை மூடியிருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு வெண்திரை. வெளியே தெரிய வேண்டிய அதே ஆறு அதில் காணொளியாக ஓடுகிறது.

திரைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு விரற்கடை இடைவெளி. அதன் வழியே விழுந்த வெளிச்சக் கீற்றில், தரைப்பலகையில் சிந்திக் காய்ந்த பச்சையும் காவியுமான வண்ணத் துளிகள் தெரிந்தன. அப்பா இரண்டு விரலால் திரையோரத்தை லேசாக விலக்கப் போனார். "தொடாதீங்க சார்" என்றார் காவலர். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை, அவர் வேலை அது. அப்பா ஒன்றும் பேசாமல் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இறங்கத் தொடங்கிவிட்டார்.

வெளிச்சம் பட்டால் ஓவியங்கள் வெளுத்துவிடும் என்றார் வழிகாட்டி. சரி, நீர்வண்ண ஓவியத்துக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), தைல ஓவியத்துக்கு 200 லக்ஸ் என்று அருங்காட்சியகங்கள் கணக்கு வைத்திருப்பது உண்மைதான். ஆனால் அந்த அறையில் மாட்டியிருப்பவை அச்சு நகல்கள் என்று நீங்களே அட்டையில் எழுதியிருக்கிறீர்களே! மேசை நாற்காலிகளுக்காகத்தான் என்றால், கண்ணாடியில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் படலம் ஒட்டலாம். பார்வை நேரம் முடிந்ததும் திரையை இழுத்து மூடலாம். வடக்கு ஜன்னலில் நேர் வெயில் அதிகம் விழாது, வெளிச்சம் நாள் முழுக்க ஒரே சீராக இருக்கும் என்பதற்காகத்தானே ஓவியர்கள் அதைத் தேடித் தேடி வைத்தார்கள்.

பிரான்சில் ஓவியர் பால் செசான் 1902 முதல் வேலை செய்த கூடத்தில் அந்தப் பெரிய வடக்கு ஜன்னல்தான் அறைக்கே உயிர். அமெரிக்க நிலக்காட்சி ஓவியர் ஃபிரெடெரிக் சர்ச் தன் ஓலானா வீட்டின் ஜன்னல்களை, வெளியே தெரியும் ஹட்சன் ஆற்றுப் பள்ளத்தாக்குக்குச் சட்டம் மாட்டியதுபோல் அமைத்தார். அந்த வீடு விற்பனைக்குப் போகவிருந்தபோது, 1966இல் நியூயார்க் மாநில அரசு அதை வாங்கிக் காப்பாற்றியது. நிலக்காட்சி ஓவியரின் வீட்டில் நிலக்காட்சியும் காட்சிப்பொருள்தான் ஐயா.

இப்போது எந்த அருங்காட்சியகத்துக்குப் போனாலும் பொருளைவிடக் காணொளித் திரை பெரிதாக இருக்கிறது. இருபது நிமிடத்தில் அடுத்த அறைக்குத் தள்ளிவிடுகிறார்கள். நின்று பார்க்க வந்தவர்கள் எங்கே நிற்பது? அது தனி வழக்கு, இங்கே இழுக்கவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். தயவுசெய்து அந்த ஜன்னலைத் திறந்துவிடுங்கள். தினமும் முடியாவிட்டால் வாரத்தில் ஒரு நாளாவது. எந்த நாள் என்று வாசலில் எழுதி வையுங்கள். அப்பா இன்னொரு முறை அந்தப் படிகளை ஏறத் தயாராக இருக்கிறார்.

பணிவுடன்,
ஒரு பார்வையாளர்