மணாலி வழியை விட்டுவிடு, கண்ணு

அன்பு மகளுக்கு,

நேற்றிரவு நீ இமாச்சலத்தின் ஸ்பிட்டி பள்ளத்தாக்கில் இருக்கும் காசா ஊரிலிருந்து பேசும்போது பாதியில் லைன் அறுந்துவிட்டது. மீதியை எழுதி அனுப்புகிறேன். சிக்னல் கிடைக்கும்போது படி.

குன்சும் கணவாயில் பனி விழுந்து மணாலி பஸ் நின்றுவிட்டது, நான்கு பேர் சேர்ந்தால் ஒரு ஜீப்காரர் கூட்டிப்போவதாகச் சொல்கிறார் என்றாய். வேண்டாம் கண்ணு. அந்த ஜீப்பில் ஏறாதே.

2020-இல் அடல் சுரங்கப்பாதை திறந்தபின் மணாலிக்கு, மலைக்கு அப்பாலிருக்கும் லாஹௌல் பள்ளத்தாக்கு பக்கத்து ஊர் மாதிரி ஆகிவிட்டது. ஸ்பிட்டிக்கு அப்படியில்லை. 4,500 மீட்டருக்கு மேலிருக்கும் குன்சும் ஏறி இறங்கி, பாத்தல் என்ற இடத்தைத் தாண்டி ஓடைகளுக்குள் வண்டியை இறக்கித்தான் சுரங்கப்பாதைப் பக்கம் வர முடியும். விடியற்காலையில் கணுக்காலளவு ஓடும் தண்ணீர், வெயில் ஏறிப் பனி உருகினால் பிற்பகலில் வண்டியையே புரட்டும். 2023 ஜூலையில் குன்சும் பக்கத்துச் சந்திரதால் ஏரியில் சிக்கிக்கொண்ட 250-க்கும் மேற்பட்டவர்களை, குன்சும் சாலையில் பனியை அகற்றிய பிறகுதான் மீட்டார்கள். கூட்டமாக இருந்தவர்களுக்கே அந்தக் கதி. நீ தனியாக இருக்கிறாய்.

மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதையில் பஸ் ஓட்டியே உன்னை வளர்த்தவன் நான். மலை சரிவதற்கு முன் பல நேரம் அறிகுறி காட்டும். பர்லியாறுக்கு மேலே ஓர் ஐப்பசி மழையில், மலைச்சரிவிலிருந்து தெளிவாக வடிந்துகொண்டிருந்த தண்ணீர் என் கண்ணெதிரே செம்மண் நிறத்துக்கு மாறியது. அடுத்து பட்டாணி அளவுக் கற்கள் ஒவ்வொன்றாக உருண்டு வந்து தாரில் துள்ளின. பஸ்ஸை நிறுத்தி, எல்லோரையும் இறக்கிப் பின்பக்கமாக நடக்கவிட்டேன். கொஞ்ச நேரத்தில் மரத்தோடு மண் இறங்கிச் சாலையை மூடியது. நம் மலையைப் பிடித்துக்கொள்ள வேராவது இருக்கிறது. ஸ்பிட்டி மழை மறைவுப் பகுதி, மரமற்ற மொட்டை மலை. அங்கே சிறு மழையே மண்ணை இளக்கிவிடும். இந்த இரண்டு அறிகுறிகளையும் மனத்தில் வைத்துக்கொள். எந்த வண்டியில் இருந்தாலும் கூச்சப்படாமல் ஓட்டுநரிடம் சொல்.

கின்னௌர் மாவட்டம் வழியாகத் திரும்பு: தாபோ, நாக்கோ, ரெக்காங் பியோ, பிறகு சிம்லா. சுற்றுதான். நாக்கோ அருகே மாலிங் நாலா என்ற ஓடைப் பக்கம் அங்கும் கல் விழும். ஆனால் குன்சும் உயரத்துக்கு ஏற வேண்டாம். வழி அடைபட்டாலும் ஏதாவது ஓர் ஊரில் தங்கிக்கொள்ளலாம். சாலை திறந்திருக்கிறதா என்று பஸ் நிலையத்திலும் காவல் நிலையத்திலும் கேட்டுக்கொண்டு, காலையில் புறப்படும் அரசு பஸ்ஸில் ஏறு. இருட்டிய பிறகு எந்த வண்டியும் வேண்டாம்.

சந்திரதாலைப் பார்க்க எவ்வளவு ஆசைப்பட்டாய் என்று எனக்குத் தெரியும். அதற்காகவே வேலைக்குப் போன நாளிலிருந்து பணம் சேர்த்தாய். மனம் கனக்கத்தான் செய்கிறது. ஆனால் தாபோவில் ஒரு நாள் இறங்கிப் பார். அங்குள்ள மடாலயம் 996-இல் எழுந்தது. நம் தஞ்சைப் பெரிய கோயிலுக்கும் முந்தியது. மண்சுவர்களில் வரைந்த ஓவியங்கள் இன்னும் இருக்கின்றன. கோயில் ஓவியம் என்றால் நேரம் போவதே தெரியாமல் நிற்பவள் நீ. உனக்குப் பிடிக்கும்.

சண்டிகர் விமான டிக்கெட் வீணானால் ஆகட்டும். புது டிக்கெட்டுக்கு உன் கணக்கில் பணம் போட்டுவிட்டேன். காசாவை விடும் முன் ரொக்கம் எடுத்துக்கொள். நெட்வொர்க் இல்லாத ஊரில் யுபிஐ உதவாது. பஸ் ஏறும்போது வண்டி எண்ணை எனக்கு அனுப்பு. அம்மாவிடம் ஒரு நிமிடம் பேசு. நான் சொன்னால் அவள் நம்புவதில்லை, உன் குரலைக் கேட்டால்தான் சாப்பிடுவாள்.

அன்புடன்,
அப்பா