கயிற்றில் இறக்கிய நாலு பக்கம்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். மூன்று நாளைக்கு முன்னால் ராத்திரி பன்னிரண்டரைக்கு உன் செய்தி வந்தது, நீ வரைந்து முடித்த படக்கதைப் பக்கத்தின் போட்டோவோடு. இங்கே யாங்கோனில் பன்னிரண்டரை என்றால் அங்கே சிங்கப்பூரில் இரண்டு மணி. பக்கத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தக் கணக்குத்தான் மனதில் ஓடியது. இரண்டு மணிக்குப் படுத்து, ஆறு மணிக்கு எழுந்து, பேரனைக் கிளப்பி விட்டு, ஆபீசுக்கு ஓடியிருப்பாய்.

அப்புறம் பக்கத்தைப் பார்த்தேன். ஆற்றுக்கு அக்கரையில் டலாவுக்குப் போகும் படகு, மேலே கடற்பறவைகள், கம்பியைப் பிடித்து நிற்கும் அந்தக் கிழவி. பான்சோடான் படித்துறையை விட்டுப் போய் இத்தனை வருஷம் ஆகியும் பலகைகளின் ஈரம்கூட உன் கையில் இருக்கிறது. பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆனால் நாலாவது கட்டத்தில் கிழவியின் தோள் கோட்டைப் பார். ஒரே இழுப்பில் வர வேண்டிய கோடு. நீ மூன்று தடவை நிறுத்தி நிறுத்தி இழுத்திருக்கிறாய். போட்டோவிலேயே தெரிகிறது. அது அவசரத்தில் வந்த கோடு இல்லை. கை மரத்துப் போனவர்கள் போடும் கோடு. எனக்கு அது நன்றாகத் தெரியும்.

போன வாரம் மாப்பிள்ளை எனக்குத் தனியாகப் போன் செய்தார். நீ கோபப்படாதே, அவர் குறை சொல்லவில்லை. "மாமா, சாப்பிடும்போதுகூட கையை உதறிக்கிட்டே இருக்கா, ராத்திரி தூக்கத்துல எழுந்து உதறுறா, கேட்டா ஒண்ணுமில்லைங்கிறா" என்றார். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரக்கிறது, சுண்டுவிரல் மரப்பதில்லை என்றும் சொன்னார். அம்மாடி, அது மணிக்கட்டில் நரம்பு நெரிபடுவது. அந்த மூன்று விரலுக்கும் போகும் நரம்பு மணிக்கட்டில் ஒரு குறுகலான பாதை வழியாகப் போகிறது. மணிக்கட்டை மடக்கி வைத்து மணிக்கணக்கில் வேலை செய்தால் அந்த இடம் வீங்கி நரம்பை அழுத்தும். சுண்டுவிரலுக்குப் போவது வேறு நரம்பு, அதனால்தான் அது தப்பிக்கிறது. ஆரம்பத்திலேயே போனால் ராத்திரியில் மணிக்கட்டு மடங்காமல் ஒரு பட்டை கட்டித் தூங்கச் சொல்வார்கள், வேலையைக் குறைக்கச் சொல்வார்கள். பலருக்கு அதிலேயே சரியாகிவிடும்.

நான் போகவில்லை. என் வலது கட்டைவிரலின் அடிச்சதை வற்றியிருப்பதை நீ பார்த்திருக்கிறாய். வயதாகிவிட்டது, சர்க்கரை வேறு, அதனால் என்றுதான் உன்னிடம் சொல்லியிருந்தேன். சர்க்கரை வந்தது பிற்பாடு. விரல் மரத்தது அதற்குப் பல வருஷம் முன்னால், உன் வயதைவிடச் சின்ன வயதில். இன்று லுங்கி முடிச்சைக்கூட அம்மாதான் சில நாள் இறுக்கிவிடுகிறாள். இந்தக் கடிதத்தை மூன்று நாளாக எழுதுகிறேன். போனில் பேசியிருக்கலாம். ஆனால் சொல்ல வேண்டியதில் ஒன்றைப் போனில் சொல்ல எனக்கு வாய் வராது.

முதலிலிருந்து சொல்கிறேன். 1964-ல் எல்லாருடைய கடையையும் அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு உன் பெரிய தாத்தா குடும்பம் கப்பல் ஏறி மதராஸ் போனது. என் அப்பா மட்டும் இங்கேயே இருந்துவிட்டார். 1972-ல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கினார்கள். பெரியப்பா யார் கையிலோ நாலைந்து புத்தகங்களைக் கொடுத்து அனுப்பினார். எனக்குப் பதினாலு வயது. தமிழ்ப் பேச்சு ஒரு பலூனுக்குள் இருப்பதை முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதான். அந்தப் புத்தகங்களைப் பார்த்துப் பார்த்துக் கை பழகியது. பிறகு காளி கோவில் பக்கம் வாடகைப் புத்தகக் கடை வைத்திருந்த பர்மியர் ஒருவர் என் படங்களைப் பார்த்துவிட்டு ஒரு பதிப்பாளரிடம் அழைத்துப் போனார். பகலில் அரிசி கோடவுனில் கணக்கு, ராத்திரியில் பர்மியப் படக்கதை. வரைந்ததெல்லாம் அச்சுக்கு முன்னால் தணிக்கைக்குப் போகும், திரும்பி வரும்போது சில கட்டங்களை மாற்ற வேண்டியிருக்கும். 2012 ஆகஸ்ட் வரைக்கும் இந்த நாட்டில் அப்படித்தான். அந்த மாற்றத்துக்கெல்லாம் தனியாகக் காசு கிடையாது.

ஆனாலும் நான் சந்தோஷமாக இருந்தேன். பக்கக் கூலியை ஒரு பிஸ்கட் டின்னில் 75 கியாட், 35 கியாட் நோட்டுகளாகச் சேர்த்து வைத்தேன். உன் பெயரில்தான், உனக்கு அப்போது ஒரு வயது. 1987 செப்டம்பர் 5-ம் தேதி 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. மாற்றித் தரவும் இல்லை. டின் அப்படியே காகிதமாகிவிட்டது. அம்மா அன்றைக்கு ஒன்று சொன்னாள்: "நோட்டுதான் செல்லாமப் போச்சு, நீங்க போட்ட படம் இன்னும் கடையில இருக்குல்ல." அதை நான் காதில் வாங்கவில்லை. விட்டதைப் பிடிக்க வேண்டும் என்று இரண்டு பதிப்பாளர்களிடம் வேலை எடுத்தேன். யார் எந்தத் தேதி கேட்டாலும் சரி என்று சொன்னேன். நாலு வருஷம் அப்படி ஓடியது.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

1991 மழைக்காலத்தில் உனக்கு டெங்கிக் காய்ச்சல் வந்ததும் ஆஸ்பத்திரியில் இருந்ததும் உனக்கு லேசாக ஞாபகம் இருக்கும். அப்பா உன்னை மடியில் வைத்து சைக்கா ரிக்ஷாவில் கொண்டு போனேன் என்று நீ பேரனுக்குக் கதை சொன்னதை நான் போனில் கேட்டேன். நான் உன்னைக் கொண்டு போகவில்லை. அம்மாதான் கொண்டு போனாள், தனியாக, ராத்திரி பதினொன்றரைக்கு, மழையில். காலை ஆறு மணிக்குப் பதிப்பாளரின் பையன் வருவான், நாலு பக்கம் பாக்கி இருந்தது. "நீ முன்னால போ, நான் முடிச்சிட்டு வந்துடறேன்" என்றேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. கூடத்து விளக்கை எனக்காக ஏற்றி வைத்துவிட்டுப் போனாள். விடியும்வரை வரைந்தேன். பையன் கீழே நின்று மணிக்கயிற்றை இழுத்தான். எப்போதும் போல உறையை அந்தக் கயிற்றின் கிளிப்பில் மாட்டி மூன்றாவது மாடியிலிருந்து கீழே இறக்கினேன். அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். உன் மூக்கிலிருந்து ரத்தம் வந்து நின்றிருந்தது. அம்மாவின் சேலைத் தலைப்பில் அது காய்ந்திருந்தது.

நீ பிழைத்துக்கொண்டாய். உனக்கு நினைவு தெளிந்தபோது உன் பக்கத்தில் இருந்தது நான், அதனால் நான்தான் கொண்டு வந்தேன் என்று நீயாகவே நினைத்துக்கொண்டாய். நான் திருத்தவில்லை. முப்பத்து மூன்று வருஷத்துக்கு மேல் திருத்தவில்லை. மன்னித்துக்கொள், தங்கம்.

அந்த மாசமே பேனா, தூரிகை, மைப் புட்டி எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டிக் கொடுத்துவிட்டேன். குடும்பத்துக்காகக் கலையை விட்டான் என்று தெருவில் எல்லாரும் பாராட்டினார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். ஆனால் அம்மாவைக் கேட்டுப் பார். அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்த ஆள் வேறு ஆள் என்பாள். கோடவுனிலிருந்து வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். நீ சிலேட்டில் ஏதாவது வரைந்து கொண்டுவந்து காட்டினால் எழுந்து போய்விடுவேன். உனக்கு ஏழெட்டு வயதில் ஒரு நாள், "அப்பாவுக்குப் படம்னா பிடிக்காது" என்று நீ அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. உன் கைக்குக் கிடைத்திருக்க வேண்டிய பத்துப் பதினைந்து வருஷப் பாடம் அப்படிப் போயிற்று. நீ தானாகவே கற்றுக்கொண்டாய்.

அன்றைக்கு அம்மா என்னிடம் கேட்டது ஒரு ராத்திரி. நான் அதைக் கொடுக்கவில்லை. அப்புறம் அவள் கேட்காத இருபது வருஷத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதனால்தான் போன மாசம் நீ போனில், "எல்லாத்தையும் விட்டுடலாம்னு இருக்குப்பா" என்றபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. விடாதே கண்ணு. குறைத்துக்கொள். நான் இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கத் தெரிந்தவனாக இருந்தேன்.

கோடவுன் கணக்கன் ஆயிற்றே, நீ சொன்ன எண்களைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். ஒரு பக்கத்துக்குப் பென்சிலும் மையும் சேர்த்து 12 மணி நேரம். புத்தகம் மொத்தம் 60 பக்கம், இரண்டு மாதத்தில் 9 முடித்திருக்கிறாய். வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அதற்கே கை இப்படி. மீதி 51 பக்கம், 612 மணி நேரம். பதிப்பாளர் சொன்ன தேதிக்கு 17 வாரம் இருக்கிறது. வாரத்துக்கு 36 மணி நேரம் வரைந்தால்தான் முடியும். ஆபீஸ் 44. இரண்டும் சேர்ந்தால் 80. இதில் பேரனுக்கு எத்தனை, மாப்பிள்ளைக்கு எத்தனை, உன் தூக்கத்துக்கு எத்தனை? நீ சோம்பேறி என்பதால் பக்கம் பின்தங்கவில்லை. அந்தத் தேதி முதல் நாளிலிருந்தே நடக்காத தேதி.

வாரத்துக்குப் பத்து மணி நேரம் என்று வை. 61 வாரம், ஏறக்குறைய பதினாலு மாதம். அதை அப்படியே பதிப்பாளருக்கு எழுது. இப்போதே எழுது, தேதிக்கு நாலு நாள் முன்னால் எழுதாதே. முன்கூட்டிச் சொன்னால் அச்சகத் தேதியை மாற்றிக்கொள்வார்கள், கடைசியில் சொன்னால்தான் பெயர் கெடும். அவ்வளவு காலம் முடியாது என்றால் மை போடுவதை வேறு ஒருவருக்குக் கொடுக்கச் சொல். பென்சில் மட்டும் என்றால் ஏழு மணி நேரம் என்றாய். 51 பக்கத்துக்கு 357 மணி நேரம், எட்டரை மாதத்துக்குள் முடியும். கூலி பங்காகும், உன் மைக்கோடு போகும், அது வலிக்கும் என்று எனக்குத் தெரியும். இரண்டுக்கும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அப்போது யோசிப்போம். வேலை அனுமதி அட்டையில் இருந்தபோது வெளி வேலை கூடாது என்று அத்தனை வருஷம் கட்டத்துக்குள் பேசாமல் காத்திருந்தவள் நீ. நிரந்தரவாசம் கிடைத்த பிறகு வந்த முதல் பெரிய வேலை இது என்பதால்தான் மறுத்துப் பேச பயப்படுகிறாய். பயப்படாதே. அந்தப் படகுப் பக்கத்தை வரைந்தவளை அவர்கள் சும்மா விட்டுவிட மாட்டார்கள்.

அந்தப் பத்து மணி நேரத்தை ராத்திரியில் ஒளித்து வைக்காதே. ஞாயிற்றுக்கிழமை காலை நாலு மணி நேரத்தைச் சாப்பாட்டு மேசையில் வை, எல்லாரும் பார்க்கட்டும். பேரனை மாப்பிள்ளை பார்க்குக்கு அழைத்துப் போவார், என்னிடமே சொன்னார். நீ கேட்கவில்லை என்பதால்தான் அவர் செய்யவில்லை. மீதியை வாரத்தில் மூன்று நாள், பையன் தூங்கிய பிறகு, பத்தரை மணியோடு. பலகையைச் சாய்த்து வை. நீண்ட கோட்டைத் தோளிலிருந்து இழு, மணிக்கட்டை நம்பாதே. அதைச் சின்ன வயதில் உனக்கு நான் சொல்லித் தந்திருக்க வேண்டும். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை தலையைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் பார், கண்ணுக்கு நல்லது, கையும் அதற்குள் ஓய்ந்துகொள்ளும்.

இன்னொன்று. "நான் பார்ட் டைம்தானேப்பா, உண்மையான ஆர்ட்டிஸ்ட் இல்லை" என்று சொன்னாய். திருவிழாவில் மீசை ஒட்டிக்கொண்டு குடையோடு ஆடுவார்களே ஷ்வே யோ ஆட்டம், சின்ன வயதில் என் தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாய். அந்த ஆட்டத்தைத் தந்தவர் பா கலே. பர்மிய கார்ட்டூனுக்கு முன்னோடி என்று போற்றப்படுகிறவரும் அவரேதான். வரைந்தார், ஆடினார், நடித்தார். அவரைப் பார்ட் டைம் என்று இந்த ஊரில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆபீஸ் சம்பளம் இருப்பதால்தான் வாடகைக்குப் பயந்து கண்ட தேதிக்கெல்லாம் தலையாட்ட வேண்டிய கட்டாயம் உனக்கு இல்லை. என்னிடம் அது இருந்தும் நான் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

2021-ல் ஜப்பானின் படக்கதை ஓவியர் கெந்தாரோ மியுரா மகாதமனி கிழிந்து 54 வயதில் போனபோது நீ அழுதுகொண்டே போன் செய்தாய். அவரை யார் என்றே எனக்குத் தெரியாது, உன் அழுகைதான் தெரியும். உழைப்பால்தான் என்று நான் சொல்லவில்லை, அது யாருக்கும் தெரியாது. ஆனால் அன்றைக்கு நீ, "இன்னும் எத்தனை பக்கம் வரைஞ்சிருப்பாரு" என்றாய். உன்னிடமும் இன்னும் எத்தனையோ பக்கம் இருக்கிறது.

இந்த வாரமே கை டாக்டரிடம் போ. லீவு கேட்கத் தயங்காதே. ஞாயிற்றுக்கிழமை காலை நான் கூப்பிடுகிறேன், அங்கே பத்து மணி, இங்கே எட்டரை, அந்த நேரம் கரண்ட் இருக்கும் என்று முறைப் பட்டியலில் போட்டிருக்கிறார்கள். நீ வரைந்துகொண்டே இரு, பேச வேண்டாம், போனை மேசையில் நிறுத்தி வை. அம்மா கடையிலிருந்து ஒரு பென்சில் வாங்கி வந்து என் விரலுக்குப் பிடி வரும்படி துணி சுற்றிக் கொடுத்திருக்கிறாள். பேரனுக்கு ஒரு படகு வரைந்து காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன்.

பதிப்பாளருக்கு எழுதியதும் எனக்கு ஒரு வரி போடு. சைக்கா கதையைப் பேரனிடம் மாற்றிச் சொல்லிவிடு, பாட்டிதான் மடியில் வைத்துக் கொண்டு போனாள் என்று.

அன்புடன்,
அப்பா