கண்ணாடி கொடுத்த அம்மாவுக்கு நன்றி

போன மாதம் பெல்ஜியத்தில் ப்ரூஜ் நகரத்துக்குப் போயிருந்தேன். அங்கே க்ரூனிங்க அருங்காட்சியகத்தில் யான் வான் ஐக் 1436இல் முடித்த ஓவியத்தைப் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. நடுவில் குழந்தையோடு மரியாள், வலப்பக்கம் வெள்ளை அங்கியில் மண்டியிட்ட ஒரு வயதான பாதிரியார். போய் நின்ற பிறகுதான், என் வெள்ளெழுத்துக் கண்ணாடி அறையிலேயே கிடப்பது நினைவுக்கு வந்தது. கிட்டே போனால் எல்லாம் மங்கல்.

நான் கண்ணைச் சுருக்குவதைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற நரைத்த தலை அம்மா தன் கண்ணாடியைக் கழற்றி நீட்டினார். அப்புறம் படத்தில் இருந்த பாதிரியாரின் கையைக் காட்டிச் சிரித்தார். அவர் கையிலும் ஒரு மூக்குக்கண்ணாடி!

அதோடு விடவில்லை. கவசம் அணிந்து நிற்கும் புனித ஜார்ஜின் முதுகில் தொங்கும் கேடயத்தைப் பார்க்கச் சொன்னார். அதன் பளபளப்பில் சிவப்புத் தலைப்பாகையோடு விரல்நுனி அளவில் ஓர் ஆள் தெரிந்தான். ஓவியர் தன்னையே அங்கே ஒளித்து வைத்திருக்கிறார் என்பார்களாம். கம்பளத்தின் நூலிழைகூடத் தனித்தனியாகத் தெரிந்தது. எண்ணெய் வண்ணத்தை மெல்லிய படலமாக, ஒன்றின்மேல் ஒன்றாகப் பூசிக் கொண்டுவந்த வேலை அது.

கால் மணி நேரம் கண்ணாடி என்னிடமே இருந்தது. அவர் பொறுமையாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். திருப்பிக் கொடுத்தபோது பெயர் கேட்கத் தோன்றவில்லை. நீலக் கழுத்துத்துணி போட்ட அம்மா, ரொம்ப நன்றிங்க.