செவிட்டு விரியன் எந்தப் பாம்பு?

கிறிஸ்துவுக்குள் பிரியமான மகளுக்கு அப்பா எழுதுவது.

உன் பிரசங்கத்துக்காக 58ஆம் சங்கீதத்தின் "செவிட்டு விரியன்" எந்தப் பாம்பு என்று கேட்டிருந்தாய். பாம்பாட்டிகள் ஊதினாலும் செவிகொடாமல் "தன் காதை அடைக்கிற" அந்தப் பாம்புக்குத் துன்மார்க்கரை ஒப்பிடுகிறது வசனம். அங்கே இருக்கும் எபிரெயச் சொல் பெத்தென். பழைய ஏற்பாட்டில் 6 இடங்களில்தான் வருகிறது: உபாகமம் 32:33, யோபு 20:14, 20:16, சங்கீதம் 58, 91:13, ஏசாயா 11:8. ஆறையும் சேர்த்து வாசித்துவிட்டு அகராதியைத் திற. எபிரெய வேதாகமத்தில் 58இன் தலைப்பும் ஒரு வசனமாகக் கணக்காகும். வசன எண் இடறினால் குழம்பாதே.

தமிழில் "விரியன்" என்று தேடினால் எல்லாம் கலந்துவிடும். யோபு 20:16இலேயே விரியன் இருமுறை வருகிறது. முதலாவது பெத்தென், இரண்டாவது எஃபே என்ற வேறு எபிரெயச் சொல். நீதிமொழிகள் 23:32இன் விரியனுக்கு மூலத்தில் இருப்பது சிஃப்ஓனி. ஆதியாகமம் 49:17இல் குதிரையின் குதிகாலைக் கடிப்பது ஷெஃபிஃபோன். மணலில் புதைந்து கிடக்கும் கொம்பு விரியனாக அதைக் கொள்வது பொருந்தும்.

பெத்தென் விரியனே அல்ல, நல்லபாம்பின் இனம் என்பதுதான் என் துணிபு. எகிப்திய நாகம் என்று பலர் கொள்கிறார்கள். பாம்பாட்டியைப் பற்றிய வசனமே பலமான சாட்சி: பாம்பாட்டிக்கு ஏற்றது படமெடுத்து நிற்கும் பாம்பு, விரியன் படமெடுக்காது. பழைய ஏற்பாட்டின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பும் அங்கே அஸ்பிஸ் என்கிறது; எகிப்திய நாகத்துக்கும் வழங்கிய சொல் அது. இன்றைய எபிரெயத்திலும் பெத்தென் என்றால் நாகம்தான்.

"ஊதினாலும்" என்பதைப் பிடித்துக்கொண்டு மகுடியைப் பற்றிப் பிரசங்கிக்காதே. மூலத்தில் இருப்பவர்கள் முணுமுணுத்து மந்திரம் ஓதுகிறவர்கள். பாம்புக்குக் காதே கேட்காது என்றும் சொல்லிவிடாதே. வெளிக்காதும் செவிப்பறையும் இல்லை, ஆனால் உட்காது உண்டு, தாடை எலும்பு அதிர்வை உள்ளே கடத்தும். அந்த வசனத்தின் பாரம் முழுவதும் "தன் காதை அடைக்கிற" என்பதில் இருக்கிறது. கேட்க முடியாததை யாரும் குற்றம் சொல்லமாட்டார்கள். கேட்க மறுப்பதையே சங்கீதக்காரன் சாடுகிறான்.

துன்மார்க்கன் உண்டது அவன் குடலில் விரியன்பாம்புகளின் பிச்சாய் மாறும் என்கிறது யோபு 20:14. அந்தப் "பிச்சு" விஷமல்ல; பித்தநீர், கசப்பு. பாம்பின் விஷச் சுரப்பி கண்ணுக்குப் பின்னால் மேல்தாடையில் இருக்கிறது, குடலில் அல்ல. 12ஆம் வசனத்தில் வாயில் இனித்த பொல்லாப்பு இங்கே கசப்பாகிறது. அந்த இணைப்பை விட்டுவிடாதே. விஷத்தை விளக்குவதானால் கண்ணாடி விரியன் கடியின் இரத்தக்கசிவைச் சொல்லாதே. எகிப்திய நாகத்தின் விஷம் முக்கியமாக நரம்பைத் தாக்கும்: இமை சரியும், பிறகு மூச்சு அடங்கும்.

ஏசாயா 11:8இன் கட்டுவிரியன் கானான் தேசத்தில் கிடையாது. அந்தச் சொல்லுக்கு மூலத்தில் இருப்பதும் சிஃப்ஓனிதான்; அதே வசனத்தின் முதல் பாதியில் வரும் விரியன்பாம்புதான் பெத்தென். பிரசங்கக் குறிப்பை எழுதி முடித்ததும் அனுப்பு, பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
அப்பா